ஐந்து பருப்பு

எட்டாம் மாதப் பௌர்ணமிக்கு முந்தின வாரம்
அம்மாவின் நூற்பாலையில்
ஆளுக்கொரு தகர டப்பா தருவார்கள்.
மூடியில் முயல், மூடிக்குள் எட்டு நிலா கேக்.
சாங்ஜோவில், லிஃப்ட் இல்லாத ஆறாம் மாடியில்
அதைத் திறப்பதற்குள் சண்டை தொடங்கிவிடும்.

அண்ணன் ஷுவோவுக்கு உப்பிட்ட மஞ்சள் கரு.
கேக்கை அவன் தின்பதில்லை, தோண்டுவான்.
கருவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை
இடிந்த கிணறு மாதிரி தட்டில் விடுவான்.
அம்மாவுக்குச் செம்பயறு.
அதுவும் பாதிதான். மறுபாதியைக் காகிதத்தில் சுற்றி
நாளைய ஷிஃப்டுக்கு என்பாள்.
எனக்கு டப்பாவில் இருப்பது எதுவும் வேண்டாம்.
பாலத்தடிக் கடையில்
இரும்புத் தட்டிலிருந்து நேராகக் கைக்கு வரும்
பன்றிக்கறி கேக்,
கடித்தால் முழங்கை வரை கொழுப்பு வழிய வேண்டும்.
அதற்காக நாற்பது நிமிடம் வரிசையில் நிற்பேன்,
வருஷத்தில் அன்றைக்கு மட்டும் பொறுமைசாலி.

மிஞ்சுவது ஐந்து பருப்பு கேக், இரண்டு.
அக்ரூட், பாதாம், எள், தர்பூசணி விதை, நிலக்கடலை,
போதாததற்குச் சர்க்கரையில் ஊறிய வெண்பூசணி,
பச்சையும் சிவப்புமாய்ப் பல்லில் சிக்கும் நார்.
பனிக்காலம் வரை அலமாரியில் கிடந்து
கதவுக்கு அண்டக் கொடுக்கும் பதத்துக்கு வரும்.

அப்பா ஷென்ஜென் போனவர், போனவர்தான்.
அவருக்கு எது பிடிக்கும் என்பது
எல்லோருக்கும் தெரியும்; யாரும் சொல்வதில்லை.

எனக்குப் பதினொன்று ஆனபோது தோங் வந்தார்.
லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.
எங்கள் ஆறு மாடியையும் ஏறி வந்து
மூச்சு வாங்கியபடி அதைச் சொல்லிச் சிரித்தார்.
நாங்கள் சிரிக்கவில்லை.
சித்தப்பா என்று கூப்பிடுங்கள் என்றாள் அம்மா.
அண்ணன் ‘தோங்’ என்றான், அடி வாங்கினான்.
நான் எதுவுமே கூப்பிடாமல் பத்து வருஷம் ஓட்டினேன்.
‘இந்தாங்க’, ‘கேக்குதா’, ‘அம்மா கூப்பிடுறாங்க’.
மனது வைத்தால் ஒரு மனிதரைப்
பெயரில்லாமலே புழங்கலாம்.

அந்த முதல் பௌர்ணமி. டப்பா நடுவில்.
எங்கள் கைகள் அதனதன் இடத்துக்குப் போய்விட்டன.
அவர் கை மட்டும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது,
எந்தத் தளம் என்று தெரியாமல்
பொத்தான்களின் முன் நிற்பதுபோல்.
பிறகு ஐந்து பருப்பை எடுத்தது.
“எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும்.”
கடக், கடக். முழுசாகத் தின்றார்.
அடுத்த வருஷமும்.
அதற்கடுத்த வருஷமும்.

இந்த முறை என் முதல் சம்பளம்.
பெரிய கடைக்குப் போய்
எட்டும் ஐந்து பருப்பாகவே ஒரு டப்பா வாங்கி
அவர் முன் வைத்தேன்.
திறந்தார். எட்டையும் எண்ணினார்.
காது மடல் சிவந்தது.
அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
கண்ணில் நீர் வரும்வரை.

அவர் கத்தி கழுவும்போது கேட்டேன்: பிடிக்காதா?
“பல்லுக்கு ஆகாது” என்றார்.
குழாயை மூடிவிட்டு,
“அந்த டப்பாவில் யாருக்கும் சொந்தமில்லாதது
அது ஒன்றுதானே இருந்தது.”

அப்படியானால் எதுதான் பிடிக்கும்?
அவர் பதில் சொல்லவில்லை. கதவோரம் இருந்த
கருவிப் பையைப் பார்த்தார்.
ஸ்பேனர்களுக்கு நடுவே
காகிதத்தில் சுற்றிய பாதிக் கேக்.
அம்மாவின் மடிப்பு.

வெளியே மேகம். நிலா வருவதாய் இல்லை.
எட்டு கேக்கை யார் தின்பது?
“சித்தப்பா, எல்லாத்தையும் நாலா வெட்டுங்க” என்றேன்.
யாரைக் கூப்பிடுகிறேன் என்று
அவர் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தார்.
கழுவின கத்தியை மறுபடி எடுத்தார்.

ஷுவோ தன் துண்டைத்
தோண்டிக்கொண்டே இருந்தான்,
எங்காவது ஒரு மஞ்சள் கரு இருக்கும் என்று.